காலையும் மதியமும் சரி, மாலை ஆறு மணியை என்ன செய்வது?

மாலைமயக்கம்:

எடை குறைக்க டிப்ஸ் கேட்டு இந்த இழையைத் தொடங்கவில்லை. டிப்ஸ் ஏற்கெனவே கழுத்துவரை இருக்கிறது. கேட்க நினைப்பது ஒன்றுதான்: வேலைக்குப் போகும் அம்மாக்கள் மாலை நேரத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நிலவரம் இது. வயது 36. முழுநேர வேலை, நாள் முழுக்க நாற்காலி. பெரியவனுக்கு ஏழு, சின்னவளுக்கு மூன்று. இரண்டாவது பிரசவத்தில் ஏறிய எடை பாதிதான் இறங்கியது, போன வருடத்திலிருந்து மறுபடி ஏறுமுகம். காலையில் ஒரு முட்டை, ஒரு பழம். மதியம் வீட்டிலிருந்து டப்பா, பெரும்பாலும் காய்தான். அதுவரைக்கும் பார்த்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லாம் போச்சு. கைப்பை தோளில் தொங்கும்போதே ஒரு கை பிஸ்கட் டப்பாவுக்குள் இருக்கும். ஒருத்தனுக்கு வீட்டுப்பாடம், ஒருத்தி இடுப்பில், அடுப்பில் ஒன்று கொதிக்கிறது, நான் நின்றபடியே எதையாவது மென்றுகொண்டிருப்பேன். உப்புப் பார்க்க ஒரு கரண்டி, சின்னவள் பாதி கடித்து வைத்த ரொட்டி, பெரியவன் ஒதுக்கிய உருளைக்கிழங்கு. எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின் எனக்கென்று தட்டு போடும்போது பசியே இருக்காது. ஆனாலும் சாப்பிடுவேன், அன்றைக்கு நிம்மதியாக உட்காரும் முதல் நேரம் அது என்பதால்.

காலையில் ஒரு மணிநேரம் முன்னாடி எழுந்து நடங்கள் என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். ராத்திரி ஆறு மணிநேரம் தூங்கினாலே பெரிய விஷயம்.

ரெட்டைவால்:

என் வீட்டில் கேமரா வைத்துப் பார்த்தீர்களா? எனக்கு இரட்டைக் குழந்தைகள், ஐந்து வயது. மிச்சத் தட்டும் இரண்டு.

எனக்குக் கைகொடுப்பது ஒரே விஷயம். ஆபீஸை விட்டுக் கிளம்புமுன் சாப்பிட்டுவிடுவேன். கொறிப்பதைச் சொல்லவில்லை, சாப்பிடுவதைச் சொல்கிறேன். அவித்த முட்டை இரண்டு, இல்லையென்றால் ஒரு கிண்ணம் தயிரில் பழம் நறுக்கிப் போட்டது, அதுவும் இல்லையென்றால் மதிய டப்பாவில் வேண்டுமென்றே நிறுத்திவைத்த கால்பங்கு. வீட்டுக் கதவைத் திறக்கும்போது வயிறு காலியாக இருந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

எண்ணிப்பார்:

ரெட்டைவால் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் கணக்குத் தெரியாமல் கூடுதலாக ஒரு வேளை சேர்த்தால் எடை ஏறத்தான் செய்யும். கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்தும் புரதமும் 4. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், அதாவது 15 மில்லி, ஏறக்குறைய 120 கலோரி. பாட்டிலைச் சாய்த்து ஊற்றுகிற கைக்கு ஒரு கரண்டி எது, மூன்று கரண்டி எது என்று தெரியாது.

நாள் முழுக்க எழுதிவைக்கச் சொல்லவில்லை. ஒரு வாரம், மாலை ஆறிலிருந்து ஒன்பதுவரை வாய்க்குள் போவதை மட்டும் போனில் படம் எடுங்கள். கடித்த ரொட்டி உட்பட. கலோரிகூடப் போட வேண்டாம். வார முடிவில் படங்களை வரிசையாகப் பாருங்கள், எங்கே கை வைக்கவேண்டும் என்று தானாகத் தெரியும்.

மாலைமயக்கம்:

ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் கரண்டி. படம் எடுக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது எண்ணிப்பார்?

எண்ணிப்பார்:

நியாயம். அப்படியானால் எண்ணெயை மட்டுமாவது கரண்டியில் அளந்து ஊற்றுங்கள். அதற்கு ஒரு கை போதும்.

கீரைக்கட்டு:

உணவியல் நிபுணராக வேலை பார்க்கிறேன், வீட்டில் இரண்டு பிள்ளைகளும் உண்டு. முதல் பதிவை இரண்டு தடவை படித்தேன். எல்லோரும் மாலையைப் பார்க்கிறீர்கள், என் கண்ணில் மதியம்தான் உறுத்துகிறது.

ஒரு முட்டையும் ஒரு பழமும் சேர்த்தால் 200 கலோரியைத் தாண்டாது. மதியம் "பெரும்பாலும் காய்". அதில் பருப்பு, மீன், கோழி, தயிர் என்று ஏதாவது எவ்வளவு இருக்கிறது? காலையிலிருந்து கேட்டுக் கிடைக்காததை உடம்பு ஆறு மணிக்கு வசூல் பண்ணுகிறது. இதைக் கட்டுப்பாடு இல்லாத குணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதே இல்லை. சாதாரணப் பசி.

பெரியவர்களுக்குப் புரதம் குறைந்தபட்சம் உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் என்பது வழக்கமான கணக்கு. 70 கிலோ இருப்பவருக்கு 56 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான். அந்த 56-இல் பெரும்பகுதி ராத்திரிக்கு முன்னாலேயே உள்ளே போயிருக்கவேண்டும். காயைக் குறைக்கச் சொல்லவில்லை. பழமும் காயும் சேர்த்து ஒரு நாளைக்கு 400 கிராமாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அதை நீங்கள் மட்டும்தான் இங்கே எட்டுகிறீர்கள் போல. ஆனால் காய் மட்டும் போதாது. டப்பாவில் கால்பாகம் புரதம் வரட்டும்.

அடுத்தது பிஸ்கட் டப்பா. அமெரிக்க தேசிய சுகாதார நிலையங்களில் கெவின் ஹால் குழு நடத்தி 2019-இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. 20 பேரை உள்ளேயே தங்கவைத்து, இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய பாக்கெட் வகை உணவு, இரண்டு வாரம் சமைத்த உணவு. தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் சமம், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பாக்கெட் வாரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது, சுமார் ஒரு கிலோ ஏறியது. வேகமாகவும் சாப்பிட்டிருக்கிறார்கள். அந்த டப்பாவோடு மல்லுக்கட்டுவதைவிட, கைக்கு எட்டும் இடத்தில் அது இல்லாமல் பார்த்துக்கொள்வது சுலபம். பிள்ளைகளுக்கு வேண்டும் என்றால் மேல் அலமாரி, மூடிய டப்பா.

தூக்கத்தைப் பற்றி நீங்களே சொன்னீர்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில், ஆறரை மணிநேரத்துக்கும் குறைவாகத் தூங்கும் அதிக எடைக்காரர்களை ஒரு மணிநேரத்துக்குச் சற்று அதிகமாகத் தூங்கவைத்துப் பார்த்தார்கள். முடிவு 2022-இல் வந்தது. சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை அறிவுரை கிடையாது, ஆனால் ஒப்பிட்டுப் பார்த்தபோது நாளுக்குச் சராசரியாக 270 கலோரி குறைவாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். அதனால் உங்களைச் சீக்கிரம் எழுந்து நடக்கச் சொல்ல நானும் தயாராக இல்லை.

பூமாலை:

இவ்வளவு கஷ்டம் எதற்கு? நான் மாலை ஐந்து மணியோடு வாயைக் கட்டிவிடுவேன், அடுத்த நாள் காலை ஒன்பதுக்குத்தான் திறப்பேன். 16 மணிநேரம் விரதம். இறங்குகிறது.

கீரைக்கட்டு:

உங்களுக்கு ஒத்துவந்தால் தொடருங்கள் பூமாலை, தப்பே இல்லை. ஆனால் நேரத்தில் தனி மந்திரம் எதுவும் இல்லை. சீனாவில் 139 பேரை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்து 2022-இல் வெளியிட்டார்கள். இரண்டு பிரிவுக்கும் ஒரே அளவு கலோரிக் குறைப்பு, ஒரு பிரிவுக்கு மட்டும் காலை 8 முதல் மாலை 4 வரைதான் சாப்பாடு. எடை குறைந்ததில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. நேரக் கட்டுப்பாடு சிலருக்கு உதவுவது கொறிக்கும் நேரத்துக்குப் பூட்டுப் போடுவதால்தான்.

பாலூட்டும் அம்மாக்கள் யாராவது இதைப் படித்தால், இப்போது இது வேண்டாம். பால் சுரக்கவே நாளுக்கு 300 முதல் 500 கலோரிவரை கூடுதலாகத் தேவைப்படும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டு நேரத்தை மாற்றவே கூடாது.

ரெட்டைவால்:

இன்னொன்றும் இருக்கிறது. ஐந்து மணியோடு வாயைக் கட்டினால் ராத்திரி பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட முடியாது. என் இரண்டும் நான் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டால்தான் காயைத் தொடும். நான் நின்றால் அதுகளும் எழுந்து ஓடும்.

நைட்ஷிப்ட்:

நான் நர்ஸ். எனக்கு மாலை ஆறு மணி கிடையாது, விடிகாலை மூன்று மணி. அந்த நேரத்துக்கு வார்டில் யாராவது இனிப்புப் பெட்டியைத் திறப்பார்கள். ரெட்டைவால் சொன்ன அதே வழிதான் எனக்கும்: டூட்டிக்கு முன்னால் முழுச் சாப்பாடு, நடுவில் எடுத்துப்போன சின்ன டப்பா, காலையில் தூங்கப்போகுமுன் லேசாக ஏதாவது.

டீயை யாரும் பேசவில்லை. ஷிப்டில் ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் 40 கிராம் ஆகிவிடுகிறது. சேர்க்கும் சர்க்கரை மொத்த கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்கவேண்டும், இருபதில் ஒரு பங்கானால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டல். 2000 கலோரி சாப்பிடுபவருக்கு முதல் கணக்கு 50 கிராம், இரண்டாவது 25. டீயே 40 என்றால் மீதிக்கு இடம் எங்கே? சர்க்கரைக்குப் பதில் செயற்கை இனிப்பு மாத்திரை போடலாமே என்று கேட்பவர்களுக்கு, எடைக் கட்டுப்பாட்டுக்காக அதை நம்ப வேண்டாம் என்று அதே நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது. நான் அரைக் கரண்டியாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். நாக்கு பழகிக்கொண்டது.

நடை விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. பத்து நிமிடத்துக்குக் குறையாமல் தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்று முன்பு ஒரு விதி இருந்தது, 2020-இல் அதை எடுத்துவிட்டார்கள். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பை எப்படித் துண்டுபோட்டாலும் சேரும். மூன்று மாடி ஏறுவது, போன் பேசிக்கொண்டே நடப்பது, பிள்ளையைத் துரத்துவது, எல்லாம் சேர்த்தி. பத்தாயிரம் அடி என்பதும் மருத்துவர்கள் வகுத்த எண் இல்லை. 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது.

கேட்டுவைப்போம்:

35 தாண்டினால் மெட்டபாலிசம் படுத்துவிடும் என்று என் ஜிம் பயிற்சியாளர் சொல்கிறார். அப்புறம் நாம் என்ன செய்தாலும் வீண்தானே?

கீரைக்கட்டு:

அவருக்கு இதைச் சொல்லுங்கள்: 29 நாடுகளில் 6,400-க்கும் மேற்பட்டவர்கள், எட்டு நாள் குழந்தை முதல் 95 வயது முதியவர்வரை, உடம்பு செலவழிக்கும் சக்தியை அளந்து 2021-இல் வெளியிட்டார்கள். உடல் அளவைக் கழித்துப் பார்த்தால் 20 வயதிலிருந்து 60 வயதுவரை அது கிட்டத்தட்ட நேர்கோடு. முப்பதுகளில் மாறுவது பெரும்பாலும் வாழ்க்கைமுறைதான். நாற்காலி, தூக்கம், தசை குறைவது, பிள்ளை தட்டு. தசைக்காக வாரம் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சியோ, சுவரில் கை ஊன்றித் தள்ளுவதோ, நாற்காலியில் உட்கார்ந்து எழுவதோ செய்யலாம். பல் தேய்க்கும்போதுகூட உட்கார்ந்து எழலாம், நான் செய்கிறேன், என் மகள் சிரிக்கிறாள்.

நடுநிலை (மட்டுறுத்துநர்):

"பத்தே நாளில் பத்துக் கிலோ" பவுடர் விற்க வந்தவரின் இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. இழை தொடரட்டும்.

சுள்ளென்று:

இவ்வளவு பேர் இவ்வளவு எழுதிவிட்டோம். ஒருத்தர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. மாலைமயக்கம், அந்த ஆறு மணிக்கு உங்கள் வீட்டில் இன்னொரு பெரியவர் இருக்கிறாரா இல்லையா?

ஒருத்தி ஒரே நேரத்தில் சமைத்து, வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்து, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கூடவே சத்தாகச் சாப்பிடவும் வேண்டும். முடியாவிட்டால் அவளுக்குப் புரதம் போதவில்லை, தூக்கம் போதவில்லை, எண்ணெயை அளக்கவில்லை. எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் நீங்கள் சொல்லும் ஒவ்வொரு தீர்வும் அவள் தலையில் இன்னொரு வேலையாகத்தான் ஏறுகிறது. முட்டையை அவிப்பது யார்? டப்பாவில் கால்பாகம் புரதம் வைப்பது யார்? நாளைக்கு என்ன சமையல் என்று இன்றைக்கே யோசிப்பது யார்?

மாலைமயக்கம்:

சுள்ளென்று, பெயருக்கேற்ற கேள்வி. இருக்கிறார். எனக்கு அரைமணி முன்னால் வந்துவிடுவார். நல்ல மனிதர், எதைச் சொன்னாலும் செய்வார். சொன்னால் செய்வார். ஏழு மணிக்கு "என்ன பண்ணணும்னு சொல்லு" என்பார். சொல்லும் நேரத்துக்கு நானே செய்துவிடலாம் என்று தோன்றும்.

அப்பாவி:

ஆண்கள் இங்கே எழுதலாமா தெரியவில்லை. அந்த "என்ன பண்ணணும்னு சொல்லு" என் வாயிலும் வந்த வசனம்தான், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் வேலையைப் பிரிக்கவில்லை, கிழமையைப் பிரித்தோம். திங்கள், புதன், வெள்ளி மாலை என்னுடையது. என்ன சமையல் என்று யோசிப்பது, வாங்கிவைப்பது, செய்வது, பாத்திரம் எல்லாம். மனைவி அந்த நாட்களில் சமையலறைக்குள் வரக்கூடாது என்று ஒப்பந்தம். முக்கியமான ஷரத்து ஒன்று உண்டு: நான் போடும் சாப்பாட்டுக்கு விமர்சனம் கிடையாது. ஆரம்பத்தில் என் காய் வேகாமல் கடக்முடக் என்றிருக்கும். பிள்ளைகள் என்னையும் தட்டையும் மாறிமாறிப் பார்ப்பார்கள். அவள் வாயே திறக்கமாட்டாள். அது சின்ன விஷயம் இல்லை. அவள் ஒரு தடவை உள்ளே வந்து கரண்டியை வாங்கியிருந்தால் நான் அப்படியே அவளிடம் விட்டுவிட்டு வந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து பருப்பு, பயறு, கோழி என்று இரண்டு வகை மொத்தமாக வேகவைத்து வைத்துவிடுவோம். வாரநாளில் ஒரு காய் மட்டும் புதிதாக.

நைட்ஷிப்ட்:

அண்ணா, மொத்தமாகச் சமைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வெந்ததைப் பெரிய பாத்திரத்திலேயே அடுப்பில் விட்டு, ராத்திரி நினைவு வந்து உள்ளே வைப்பது ஆபத்து. இரண்டு மணிநேரத்துக்குள் குளிர்பெட்டிக்குப் போகவேண்டும். அகலமான தட்டில் பரப்பினால் சீக்கிரம் ஆறும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமி பெருகும். சோறு இதில் மோசம். அதில் வரும் ஒரு பாக்டீரியாவின் நச்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. சமைத்ததைக் குளிர்பெட்டியில் மூன்று நாள், நான்கு நாளுக்கு மேல் வைக்கவேண்டாம். வியாழன், வெள்ளிக்கு வேண்டியதை ஞாயிறே உறைபெட்டிக்குள் தள்ளிவிடுங்கள்.

தனிமரம்:

சுள்ளென்று கேட்ட கேள்விக்கு என் பதில்: இல்லை. நானும் எட்டு வயது மகனும்தான். அதனால் கிழமையைப் பிரிக்க ஆள் இல்லை. ராத்திரிச் சமையலையே பாதி எடுத்துவிட்டேன். வாரத்தில் சில நாள் முட்டை, ரொட்டி, நறுக்கிய பச்சைக் காய், பழம், தயிர். அடுப்பு பத்து நிமிடம்தான் எரியும். உறைந்த பட்டாணியும் கலந்த காயும் எப்போதும் உள்ளே இருக்கும். பறித்த சூட்டில் உறையவைப்பதால் சத்தில் பெரிய குறை இல்லை. ராத்திரி என்றால் சூடாக, வகைவகையாக இருக்கவேண்டும் என்று யார் சொன்னது? அவன் கேட்டதே இல்லை. நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மாலைமயக்கம்:

தனிமரம், இதை அச்செடுத்துக் குளிர்பெட்டியில் ஒட்டப்போகிறேன்.

பிள்ளை மிச்சத்தைப் பற்றி யாராவது சொல்லுங்கள். தூக்கிப்போட மனசு வருவதில்லை.

கீரைக்கட்டு:

மிச்சம் வராமல் பரிமாறுவதுதான் வழி. மூன்று வயதுக்காரிக்கு நாம் கண் அளவில் போடுவது பெரும்பாலும் அதிகம். இரண்டு கரண்டி போடுங்கள், கேட்டால் மறுபடி போடலாம். குழந்தை உணவு விஷயத்தில் எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் ஒரு பங்கீடு சொல்வார்: என்ன, எப்போது, எங்கே என்பதைப் பெற்றவர்கள் முடிவுசெய்யவேண்டும். சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது பிள்ளையின் முடிவு. தட்டைக் காலிபண்ணச் சொல்லி வற்புறுத்தவேண்டாம் என்று நாமே சொல்லிவிட்டு அதே தட்டை நாம் காலிபண்ணுவது வேடிக்கை. தொடாமல் இருப்பதை மூடி நாளைக்கு வையுங்கள். கடித்தது, எச்சில் பட்டது குப்பைக்குத்தான்.

தராசு:

எடை பார்க்கும் கருவியைப் பரணில் போட்டுவிட்டு வாழ்க்கை நிம்மதியாக இருக்கிறது. காலையில் அதில் ஏறி இறங்கினால் அன்றைய மனநிலையை அதுதான் தீர்மானிக்கும்.

எண்ணிப்பார்:

பரணில் போடுவதற்குப் பதில் அது என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். ஒரே நாளில் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ ஆடுவது சகஜம். உப்பு கூடினால் நீர் தங்கும், மாதவிடாய்க்கு முன் தங்கும். உடம்பு சேமித்துவைக்கும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்துவைக்கிறது. அதனால்தான் புது டயட்டில் முதல் வாரம் மளமளவென்று இறங்கும். அது கொழுப்பு இல்லை. வாரத்துக்கு ஒரு எண், மாதத்துக்கு ஒரு போக்கு, அவ்வளவு போதும்.

எடையே வேண்டாம் என்றால் ஒரு நூல் எடுங்கள். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். 160 செ.மீ. உயரம் என்றால் 80-க்குள்.

கேட்டுவைப்போம்:

என் கூட வேலை பார்ப்பவர் வாராந்தர ஊசி போட்டு நன்றாக மெலிந்துவிட்டார். நமக்கும் அதுதான் சுருக்கு வழியோ?

கீரைக்கட்டு:

செமாக்ளூடைட் மாதிரியான மருந்துகளைச் சொல்கிறீர்கள். வேலை செய்கிறது, அதில் சந்தேகமில்லை. முக்கியமான சோதனை ஒன்றில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம்வரை எடை குறைந்தது. நிறுத்தியவர்களைப் பின்தொடர்ந்தபோது ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவந்துவிட்டது. உடல்பருமனோ அதோடு வரும் நோய்களோ உள்ளவர்களுக்கு டாக்டர் எழுதிக்கொடுக்கும் மருந்து அது. அதை எடுப்பவரை யாரும் கேலி செய்யவேண்டாம். இன்னொரு குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் கருத்தரிக்க முயலும் இரண்டு மாதத்துக்கு முன்பே செமாக்ளூடைடை நிறுத்தவேண்டும். ஆன்லைனில் யாரோ விற்பதை வாங்கிப் போட்டுக்கொள்வது வேண்டவே வேண்டாம்.

மாலைமயக்கம், உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். கர்ப்பகாலத்தில் சர்க்கரை இருந்ததா? பிரசவத்துக்கு அப்புறம் ரத்தப் பரிசோதனை எப்போது செய்தீர்கள்? தைராய்டு பார்த்தீர்களா?

மாலைமயக்கம்:

சின்னவள் வயிற்றில் இருந்தபோது இருந்தது. பிரசவத்தோடு போய்விடும் என்று சொல்லி அனுப்பினார்கள், மறுபடி வந்து பார்க்கச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. தைராய்டும் பார்த்ததில்லை.

கீரைக்கட்டு:

பெரும்பாலும் பிரசவத்தோடு போய்விடும். ஆனால் பிற்காலத்தில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. பிரசவமான 4 முதல் 12 வாரத்துக்குள் ஒரு பரிசோதனை, அதற்கப்புறம் ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை என்பது நடைமுறை. இந்த வாரமே போய்வாருங்கள். சர்க்கரை, ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது), டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கு), ரத்த அணு எண்ணிக்கை. சோர்வுக்கு இரும்புச்சத்துக் குறைவும் காரணமாக இருக்கலாம்.

சுள்ளென்று:

போய்விட்டு வந்து எழுதுங்கள். காத்திருக்கிறோம்.

மாலைமயக்கம்:

வந்துவிட்டேன். தைராய்டு சரியாக இருக்கிறது. ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவு, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஹெச்பிஏ1சி 5.9. டாக்டர் "எல்லைக்கோடு" என்றார். இரண்டு நாள் வயிற்றைக் கலக்கியது. இப்போது எடை 74. எவ்வளவு குறைக்கவேண்டும்? கல்யாணத்தின்போது 58 இருந்தேன், அதற்குப் போகவேண்டுமா?

கீரைக்கட்டு:

5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 6.5 தொட்டால்தான் நோய். நல்ல நேரத்தில் பார்த்திருக்கிறீர்கள்.

58-ஐ மறந்துவிடுங்கள். உங்களைப் போல எல்லைக்கோட்டில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு 2002-இல் வெளிவந்தது. வாழ்க்கைமுறைப் பிரிவுக்கு வைத்த இலக்கு இரண்டுதான்: உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிட நடை. சுமார் மூன்று வருடத்தில் அவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களுக்கு 31 சதவீதம். உங்கள் கணக்குப்படி 7 சதவீதம் என்றால் ஐந்து கிலோ சொச்சம். மாதம் ஒரு கிலோ இறங்கினாலும் போதும், அரைக் கிலோ இறங்கினாலும் நான் கவலைப்பட மாட்டேன். ஹெச்பிஏ1சி வருடத்துக்கு ஒருமுறையாவது பாருங்கள். இரும்பு மாத்திரையை டீயோடு சேர்த்து விழுங்காதீர்கள், உடம்பில் சேராது.

மாலைமயக்கம்:

பதினாறு கிலோ என்று நினைத்துப் பயந்துகொண்டிருந்தவளுக்கு ஐந்து கிலோ என்று சொன்னால் எப்படி இருக்கும். நன்றி அக்கா.

ரிசல்ட் தாளை அவரிடம் காட்டினேன். அப்பாவியின் பதிவையும் படிக்கக் கொடுத்தேன். செவ்வாய், வியாழன், சனி அவர் கணக்கில் போயிருக்கிறது. அந்த மாலைகளில் சின்னவளைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடுவேன். அவள் சைக்கிளை மிதிப்பாள், நான் பின்னால் வேகமாக நடப்பேன். அதுதான் என் 150 நிமிடத்தில் பாதி. நாலே முக்காலுக்கு ஆபீஸில் கால்மணி நேரம் "வேலையில் இருக்கிறேன்" என்று காலண்டரில் அடைத்துவைத்து, டப்பாவைத் திறந்து உட்கார்ந்து சாப்பிடுகிறேன். மதியத்தில் பருப்பும் முட்டையும் சேர்ந்துவிட்டது. பிஸ்கட் டப்பா இன்னும் வீட்டில்தான் இருக்கிறது, ஆனால் பசியோடு நுழையாத நாட்களில் அது என்னைக் கூப்பிடுவதில்லை. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்த வாரம் எல்லாம் பழையபடி ஆனது. அடுத்த வாரம் திரும்பிவந்துவிட்டோம். எடை கொஞ்சம்தான் அசைந்திருக்கிறது.

ரெட்டைவால்:

அதெல்லாம் இருக்கட்டும். அவர் சமையல் எப்படி?

மாலைமயக்கம்:

மூன்று நாளும் ஒரே சமையல். பருப்பு, பட்டாணி, முட்டை. பெரியவன் "அப்பா நாள்" வந்தாலே முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறான். நான் ஷரத்துப்படி வாயைத் திறப்பதில்லை.

அப்பாவி:

திறக்காதீர்கள். நான்காவது வகையை அவரே கண்டுபிடிப்பார்.